அந்த நாய் வேலையில் இருக்கிறது

அன்புள்ள மலையேறும் தம்பிகளே, தங்கைகளே,

மே மாதம் பிறந்ததும் சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் முதுகுப்பையைக் கட்டிக்கொண்டு இமாச்சலத்துக்குக் கிளம்பிவிடுகிறீர்கள். தரம்சாலாவுக்கு மேலே திரியுண்ட், அதற்கும் மேலே இந்திரஹார் கணவாய், மணாலிப் பக்கம் ஹம்தா. திரும்பி வந்து நீங்கள் போடும் படங்களையும் எழுதும் குறிப்புகளையும் ஆசையாகப் பார்க்கிறவன் நான். அவற்றில் ஒரு வகைப் படம் என்னை நெடுநாளாக உறுத்துகிறது. கழுத்து பருத்த, மயிர் அடர்ந்த கறுப்பு நாய் ஒன்று. அதன் வாயருகே யாரோ நீட்டும் பிஸ்கட். கீழே, ‘கணவாய் வரை எங்களோடு வந்த நண்பன்’ என்று ஒரு வரி. இன்னொரு வகைக் குறிப்பும் உண்டு: ‘ஆட்டு மந்தை வழியை அடைத்துக்கொண்டது. நாய்கள் பொல்லாதவை. கூடாரம் போடவே விடவில்லை. ஜாக்கிரதை.’

இரண்டையும் எழுதியவர்கள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் இரண்டிலும் ஒரே செய்தி விடுபட்டிருக்கிறது. அந்த நாய் வேலையில் இருக்கிறது. முதல் படத்தில் அது வேலையை விட்டுவிட்டு உங்கள் பின்னால் வந்திருக்கிறது. இரண்டாவதில் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறது. இதைச் சொல்லத்தான் இந்த மடல்.

அது யாருடைய நாய்? சம்பா மாவட்டத்தில், ராவி ஆற்றின் மேல்பள்ளத்தாக்கில், பர்மோர் என்ற பழைய ஊர் இருக்கிறது. அதைச் சுற்றிய மலைக்கிராமங்கள் கத்தீ மக்களின் தாய்நிலம். தௌலாதார் மலைத்தொடரைத் தாண்டி, தெற்கே காங்ராச் சரிவிலும் பரவி வாழ்கிறார்கள். சிவனடியார்கள், மணிமகேஷ் அவர்களுக்குக் கயிலாயம். சிறிது விவசாயம் உண்டு. ஆனால் தலைமுறை தலைமுறையாக அவர்களைத் தாங்கியது செம்மறியும் வெள்ளாடும்தான். ஆட்டோடு ஆண்டு முழுவதும் மலை ஏறி இறங்குகிறவரைப் புஹால் என்கிறார்கள். நீங்கள் தாரில், அதாவது உச்சிப் புல்வெளியில், சந்திக்கிறவர் அவர்தான்.

அவருடைய ஆண்டு எப்படிப் போகிறது என்று பாருங்கள். குளிர்காலத்தில் மந்தை காங்ரா, ஊனா, ஹமீர்பூர், பிலாஸ்பூர் பக்கத்துத் தாழ்ந்த குன்றுகளில் கிடக்கும். வெயில் ஏற ஏற மேல்நோக்கி நகரத் தொடங்கும். மே, ஜூனில் தௌலாதாரின் கணவாய்களைக் கடக்கும். ஜாலசு போலத் தாழ்ந்த கணவாய்களும் உண்டு, 4,342 மீட்டர் உயரத்தில் நிற்கும் இந்திரஹாரும் உண்டு. பனி கரையாத சரிவில் விடியற்காலையிலேயே, பனி இறுகியிருக்கும்போதே, ஆடுகளை ஏற்றிவிட வேண்டும். வெயில் பட்டுவிட்டால் பனி இளகிக் குளம்பு புதையும். குட்டிகள் வழுக்கிப் போகும். தாண்டினால் ராவிப் பள்ளத்தாக்கு, சொந்த ஊர். அங்கே கொஞ்ச நாள். பிறகு பீர் பஞ்சால் தொடர். 5,040 மீட்டர் குக்தி கணவாய் போன்ற வாசல்கள் வழியாக லாஹௌலுக்குள் இறங்குவார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? தௌலாதாரின் தென்முகத்தில் பருவமழை கொட்டோ கொட்டென்று கொட்டும். நாட்டிலேயே அதிகம் மழை வாங்கும் ஊர்களில் தரம்சாலாவும் ஒன்று. ஈரத்தில் நின்றால் ஆட்டுக்குக் குளம்பழுகல் வரும், அட்டை ஏறும், குடற்புழு பெருகும். லாஹௌல் மழை மறைவு நிலம். பனி உருகிய ஈரத்தில் மட்டும் முளைக்கும் அங்கத்துப் புல் குட்டையாக இருந்தாலும் சத்து மிக்கது. ஜூலையும் ஆகஸ்டும் அங்கே மேய்ந்த ஆடு உடம்பு வைக்கும். செப்டம்பரில் முதல் பனிக்கு முன் திரும்ப வேண்டும். அக்டோபரில் ஊர், நவம்பரில் மறுபடி தாழ்ந்த குன்றுகள். வழியிலேயே ஆடு ஈனும். வழியிலேயே மயிர் கத்தரிப்பார்கள், ஆண்டுக்கு மூன்று தடவை. கத்தீச் செம்மறி ஒன்று ஓராண்டுக்குத் தரும் கம்பளி ஒரு கிலோவுக்குச் சற்று மேல், அவ்வளவே. குல்லு சால்வையிலும் மலைக்கம்பளியிலும் அந்த மயிர்தான் இருக்கிறது.

நீங்கள் பதிவுக் கட்டணம் செலுத்தி, வழிகாட்டியை வைத்துக்கொண்டு நடக்கும் பாதைகளில் பல, இந்தப் போக்குவரத்தில் உண்டானவை. எந்தச் சரிவில் கல் உருளும், எந்த ஓடையை மதியத்துக்கு மேல் கடக்கக்கூடாது, எந்தப் பாறைக்கு அடியில் மழைக்கு ஒதுங்கலாம் என்பதெல்லாம் புஹால்கள் கண்டு வைத்த அறிவு. இந்திரஹாருக்குப் போகிறவர்கள் இரவு தங்கும் லாஹேஷ் குகை அவர்களுடைய ஒதுங்கிடம். உங்களை அழைத்துப் போகும் வழிகாட்டிப் பையனே ஒரு புஹாலின் மகனாகவோ பேரனாகவோ இருக்கலாம். கேட்டுப் பாருங்கள், மகிழ்ச்சியாகச் சொல்வான்.

ஒரு நாளின் வேலையைச் சொல்கிறேன். மூன்று நான்கு பேர், சில நூறு ஆடுகள், இரண்டு மூன்று நாய்கள். மந்தையில் பல வீட்டு ஆடுகள் கலந்திருக்கும். வெள்ளாடு துணிச்சல்காரி, முன்னால் போகும். செம்மறி அதன் பின்னால் போகும். மேய்ப்பர் ஒருவர் முன்னே, ஒருவர் கடைசியில், ஒருவர் சரிவின் மேல்பக்கம். சீட்டிதான் மொழி. நில், திரும்பு, ஏறு என்பதற்கெல்லாம் தனித்தனிச் சீட்டி. நொண்டும் ஆட்டைப் பிடித்துக் குளம்பைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பிறந்த குட்டி நடக்காது. சோளா என்ற தடித்த கம்பளி அங்கியை, டோரா என்ற கறுப்புக் கம்பளிக் கயிற்றால் இடுப்பில் பல சுற்றுச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுக்கு மேலே, மார்புப் பக்கம் தொங்கும் மடிப்புக்குள் குட்டியைப் போட்டுக்கொண்டு கணவாய் ஏறுவார்கள். குட்டியின் தலை மட்டும் வெளியே தெரியும். மேலே போனபின் தட்டைப் பாறைகளில் உப்பைத் தூவி வைப்பார்கள். ஆடுகள் ஓடிவந்து நக்கும். இரவில் மந்தையை நெருக்கிப் படுக்கவைத்து, அதன் ஓரத்தில் தாங்களும் படுப்பார்கள். உயரத்தில் கூரை கிடையாது. இப்போது ஒரு பிளாஸ்டிக் விரிப்பு இருக்கிறது, அதுவே பெரிது. மின்னல் விழுந்து ஒரே இரவில் மந்தையின் பாதி போனவர்களும் அவர்களில் உண்டு.

இந்த வேலையின் இரவுப் பாதிதான் நாயின் பொறுப்பு. அங்கேதான் உங்களில் பலருக்கு ஒரு குழப்பம் வருகிறது என்று நினைக்கிறேன். மேய்ச்சல் நாய் என்றதும் பிரிட்டன் மலைகளின் பார்டர் கோலிதான் உங்கள் கண்முன் வருகிறது. காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். தரையோடு பதுங்கி, ஆட்டை உற்றுப் பார்த்து, மேய்ப்பரின் ஒரு சீட்டிக்கு அரை மலையை வளைத்து ஓடி, நூறு ஆடுகளை ஒரே வாசலில் கொண்டுவந்து நிறுத்தும் நாய் அது. அற்புதமான பிறவி. நார்தம்பர்லாந்தில் 1893-இல் பிறந்த ஓல்ட் ஹெம்ப் என்ற ஒரே நாயின் வம்சமாகத்தான் இன்றைய பார்டர் கோலிகள் எல்லாம் வருகின்றன. பார்டர் கோலியைப் பார்த்துவிட்டு இமாச்சலத்துக்குப் போனால், கத்தீ நாய் மந்தையின் ஓரத்தில் சும்மா படுத்திருப்பது போலத் தெரியும். ‘இது என்ன நாய், ஒரு ஆட்டைக்கூடத் திருப்பவில்லையே’ என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார்.

இரண்டு நாய்களுக்கும் வேலை வேறு. பிரிட்டனில் ஓநாய் அற்றுப்போய்ச் சில நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அங்கே ஆட்டைத் தின்ன வருகிற பெரிய விலங்கு இல்லை. வேலியில்லாத மலையில் சிதறிய ஆட்டைச் சேர்ப்பதுதான் மேய்ப்பருக்குக் கஷ்டம். அதற்கு ஓடும் நாய் வேண்டும். இமயத்தில் சேர்க்கும் வேலையை மனிதரின் சீட்டி பார்த்துக்கொள்ளும். ஆனால் காட்டில் சிறுத்தையும் கறுப்புக் கரடியும் இருக்கின்றன. உயரத்தில் பழுப்புக் கரடி, பனிச்சிறுத்தை. ஸ்பிட்டிப் பக்கம் ஓநாய். அதனால் அங்கே வேண்டியது காவல். காவல் நாய் ஆட்டைத் துரத்தவே கூடாது. பகலில் அது படுத்திருப்பதைக் குறையாக எண்ணாதீர்கள். இரவு முழுவதும் விழித்திருந்த உடம்பு அது.

அதன் கழுத்தில் இரும்பு முள்பட்டை மாட்டியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சிறுத்தை கழுத்தைத்தான் குறிவைக்கும். ஆட்டைவிட நாயையே அது விரும்பித் தின்னும் என்பது மலைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். ஆகவே மந்தையைக் காக்கிற நாயே முதல் இரையும் ஆகிறது. பட்டை இல்லாத நாய் அந்தக் காட்டில் அதிக நாள் தாக்குப்பிடிப்பது அரிது. மூன்று நாய் இருந்தால் மூன்று பக்கம் பிரிந்து படுக்கும். ஒன்று குரைத்தால் மற்றவை எழுந்து நிற்கும். குரைப்பின் தொனியை வைத்தே வந்திருப்பது கரடியா, வழிப்போக்கனா என்று புஹால் சொல்லிவிடுவார். பெரும்பாலான இரவுகளில் சண்டையே நடக்காது. நாய் இருக்கிறது என்று விலங்குக்குத் தெரிந்துவிட்டாலே போதும், விலகிப் போய்விடும்.

இந்தக் குணம் பயிற்சி வகுப்பில் வருவதில்லை. கண் திறந்த சில வாரங்களிலேயே நாய்க்குட்டி ஆட்டுக்குட்டிகளோடு கிடக்கத் தொடங்கும். ஆட்டின் வாடைதான் அதற்கு வீட்டு வாடை. முதல் நான்கு மாதத்துக்குள் யாரோடு பழகுகிறதோ அவர்களைத்தான் அது தன் கூட்டமாகக் கொள்ளும். உலகெங்கும் காவல் நாய்களை ஆராய்ந்தவர்கள் சொல்வதும் இதுவே. மக்காச்சோள ரொட்டியும் மோரும், கிடைத்தபோது ஆட்டுப்பாலும்தான் அதன் கூலி. அதே அடுப்பில் சுட்ட ரொட்டிதான் எசமானுக்கும்.

இப்போது உங்கள் பிஸ்கட்டுக்கு வருகிறேன். அந்த நாய்க்கு உங்கள் பையில் இருப்பது ரொட்டியைவிட ருசி. ஒருநாள் கொடுத்தால் மறுநாள் உங்கள் பின்னால் நடக்கும். கணவாயைத் தாண்டியும் வரும். நீங்கள் அடிவார ஊரில் ஜீப் ஏறிவிடுவீர்கள். அது அங்கே நிற்கும், தெரியாத ஊரில், தெரியாத தெருநாய்களுக்கு நடுவே. மேலே இரண்டு நாய் காவல் காத்த மந்தையில் அன்றிரவு ஒன்றுதான் இருக்கும். அன்றைக்குச் சிறுத்தை வந்தால் நட்டம் யாருக்கு? ஒரு வெள்ளாடு போனால் அது ஒரு குடும்பத்தின் பள்ளிக் கட்டணம். தெருநாய்களிடமிருந்து வெறிநோயும் டிஸ்டெம்பரும் தொற்றிக்கொண்டு அது மேலே திரும்பினால், மற்ற நாய்களுக்கும் அதே கதி. அன்பினால்தான் கொடுக்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த அன்பை எசமானிடம் காட்டுங்கள். உங்களிடம் மிச்சம் இருக்கும் மாவையோ பருப்பையோ அவர் கையில் கொடுங்கள். நாய்க்கு எப்போது, எவ்வளவு போட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும்.

மந்தை எதிரே வந்தால் என்ன செய்வது? நடுவில் புகுந்து வழியைப் பிளக்காதீர்கள். பிளந்தால் பின்பாதி ஆடுகள் மிரண்டு சரிவில் இறங்கிவிடும். அவற்றைத் திரும்ப ஏற்ற ஒரு மணி நேரம் ஆகலாம். பாதையின் மலைப்பக்கமாக ஒதுங்கி அசையாமல் நில்லுங்கள், பள்ளப்பக்கம் நிற்காதீர்கள். மந்தை உங்களுக்கு மேலே சரிவில் மேய்கிறது என்றால் நேர்கீழே நடக்கவே கூடாது. குளம்பு பட்டுப் பெயரும் கல் தலையைப் பதம் பார்த்துவிடும். நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓட வேண்டாம், கைத்தடியை ஓங்க வேண்டாம், கல்லைத் தேடிக் குனியவும் வேண்டாம். நின்ற இடத்திலேயே நின்று மேய்ப்பரைக் கூப்பிடுங்கள். அவர் ஒரு சத்தம் கொடுத்தால் அடங்கிவிடும். இருட்டியபின் அவர்கள் முகாமுக்குப் போக நேர்ந்தால் தூரத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டு போங்கள். இருட்டில் சத்தமில்லாமல் வருகிறவர்களை அந்த நாய்க்கு ஒரே வகையாகத்தான் தெரியும். தப்பித் தவறிக் கடித்துவிட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவிவிட்டு உடனே கீழே இறங்கி வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். அதற்காக நாயை அடித்துக் கொல்லச் சொல்லி வழிகாட்டியிடம் சண்டை போட்டவர்கள் உண்டு. அப்படி யாரும் செய்துவிடாதீர்கள்.

கூடாரம் போடும் இடத்திலும் கவனம் வேண்டும். தண்ணீருக்குப் பக்கத்தில், சமமான தரையில், காய்ந்த புழுக்கை பரவிய இடம் கண்ணில் பட்டால் அது மந்தை ஆண்டுதோறும் இரவு தங்கும் இடம். நீங்கள் அங்கே கூடாரம் அடித்துவிட்டால், மாலையில் வந்து சேரும் சில நூறு ஆடுகளுக்குப் போக்கிடம் இராது. கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். குகையிலோ பாறை மறைவிலோ அடுக்கி வைத்திருக்கும் விறகைத் தொடாதீர்கள். மரமில்லாத உயரத்துக்கு முதுகில் சுமந்து வந்த விறகு அது. நகரத்து வளர்ப்பு நாயையும் கூட்டிக்கொண்டு மலையேறும் வழக்கம் இப்போது பரவுகிறது. மந்தை போகும் பருவத்தில் அதைச் செய்யவே வேண்டாம்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், இது சற்றுக் கடுமையாக இருக்கும். கத்தீ நாய்க்குட்டியை விலைக்கு வாங்கிச் சமவெளிக்குக் கொண்டுபோகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். ‘சிறுத்தையோடு சண்டை போடும் நாய்’ என்ற பெயருக்காகவே வாங்குகிறார்கள். நம் ஊர் வெயிலில், அடுக்குமாடி பால்கனியில், அந்த அடர்மயிர் நாய் என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். காக்க மந்தை இல்லாததால் அடுத்த வீட்டுக்காரரைப் பார்த்துக் குரைக்கும். பிறகு யாரிடமாவது தள்ளிவிடுவார்கள். மேலேயோ நல்ல நாய் கிடைக்காமல் மேய்ப்பர்கள் அலைகிறார்கள். கர்னாலில் உள்ள விலங்கு மரபு வளத் தேசிய நிறுவனம் 2025-இல் கத்தீ நாயைத் தனி இனமாகப் பதிவு செய்தது. அப்படிப் பதிவு பெற்ற நான்காவது நாட்டு நாய் அது. முதல் மூன்றில் இரண்டு நம்முடைய ராஜபாளையமும் சிப்பிப்பாறையும். வேட்டை நாயை மாடியில் கட்டிப்போட்டு நாம் என்ன செய்தோம் என்பதை நாம் அறிவோம். கத்தீ நாய்க்கும் அது நடக்க வேண்டாம்.

நாயைப் பற்றி மட்டும் பேசிவிட்டு எசமானை மறந்துவிட்டால் நியாயமில்லை. 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி இமாச்சலத்தில் ஏறத்தாழ 7.9 லட்சம் செம்மறிகளும் 11 லட்சம் வெள்ளாடுகளும் இருந்தன. ஆடு இருக்கிறது, அதோடு நடக்க ஆள்தான் குறைகிறது. கம்பளிக்கு விலை இல்லை, இறைச்சிக்கு விற்பதில்தான் வருமானம். தாழ்ந்த குன்றுகளில் உண்ணிச்செடி பரவிப் புல்லை அமுக்கிவிட்டது. காடு வளர்ப்புக்கென்று வேலி போட்ட இடங்கள் பல ஆண்டுகளுக்கு அடைபட்டுக் கிடக்கின்றன. ராவியில் நீர்மின் திட்டங்கள் வந்தபின் சில வழிகள் சுரங்கக் கழிவுக்கு அடியில் போய்விட்டன. சாலையோரமாக மந்தையை ஓட்டிவரும் இரவுகளில் ஆட்டுத் திருட்டு. முன்பெல்லாம் காங்ரா விவசாயிகள், நம் கீதாரிகளை அழைத்துக் கிடை போடச் சொல்வதுபோல, அறுவடை முடிந்த வயலில் மந்தையை உரத்துக்காகத் தங்கவைத்துப் புஹாலுக்குத் தானியம் கொடுத்தார்கள். உர மூட்டை வந்தபின் அந்த உறவும் மெலிந்துவிட்டது.

மேய்ச்சல்தான் மலையைக் கெடுக்கிறது என்று நூறாண்டுக்கு மேலாக வனத்துறை அலுவலர்கள் எழுதிவந்தார்கள். வசந்த் சபர்வால் 1999-இல் வெளியிட்ட ஆய்வு நூலில், அந்தக் குற்றச்சாட்டுக்குப் பின்னால் இருக்கும் ஆதாரம் எவ்வளவு சொற்பம் என்று விரிவாகக் காட்டியிருக்கிறார். 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் இடம்பெயரும் மேய்ப்பர்களின் பருவகால மேய்ச்சல் உரிமையை வெளிப்படையாகவே ஏற்கிறது. ஆனால் கையில் பட்டா வரும்வரை ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் அவர்தான் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கிறது. திரியுண்டில் நீங்கள் விட்டுவந்த நூடுல்ஸ் உறைகளைப் பார்த்தபிறகும், மலை கெடுவதற்கு ஆட்டைக் காரணம் சொல்கிறவர்களை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மேய்ப்பர் உங்களிடம் ஏதாவது கேட்டால், பெரும்பாலும் மாத்திரையாகத்தான் இருக்கும். மேலே மருத்துவமனை கிடையாது. காய்ச்சல் மாத்திரை, வலி மாத்திரை, காயத்துக்குக் களிம்பு, கட்டுத்துணி ஆகியவற்றைக் கொஞ்சம் கூடுதலாக எடுத்துப்போங்கள். எத்தனை வேளை, எவ்வளவு என்பதை வழிகாட்டியை வைத்து அவர் மொழியில் சொல்லிக் கொடுங்கள். படம் எடுக்குமுன் கேளுங்கள். தேநீர் கொடுத்தால் மறுக்காமல் உட்கார்ந்து குடியுங்கள், ஆனால் அவர் வேலை நேரத்தை விழுங்கிவிடாதீர்கள். ஊருக்குள் வந்ததும், விசைத்தறிச் சால்வையை விட்டுவிட்டு, கத்தீப் பெண்கள் கையால் நெய்த கம்பளித் துணியைத் தேடி வாங்குங்கள்.

மலையேற்றக் குழு நடத்துகிறவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். கிளம்புமுன் காலணி, மழையங்கி, ஆக்ஸிஜன் பற்றியெல்லாம் பாடம் எடுக்கிறீர்கள். அதோடு பத்து நிமிடம் மந்தையையும் நாயையும் பற்றிப் பேசுங்கள். எந்த வாரத்தில் எந்தக் கணவாயில் மந்தைகள் ஏறும் என்பதை உள்ளூர் வழிகாட்டியிடம் கேட்டு, முகாம் இடங்களை அதற்கேற்ப மாற்றுங்கள். ஜூன் முதல் பாதியில் இந்திரஹார்ப் பக்கம் போகிற குழுக்களுக்கு இது கட்டாயம் தேவைப்படும். செப்டம்பரில் லாஹௌலிலிருந்து திரும்பும் மந்தைகளை எதிர்கொள்ளும் குழுக்களுக்கும் அப்படியே.

அன்புடன்,
அதே மலைகளில் உங்களுக்கு முன்பிருந்தே நடக்கிற ஒருவன்